பொட்டில்லாத வண்டு

அத்தியாயம் 6

முறத்துல கொட்டுன அரிசி நகந்துச்சுங்க.

காத்தும் இல்ல, முறத்த யாரும் ஆட்டவும் இல்ல. தன்னால நகந்துச்சு. மேல கெடந்தது கீழ போச்சு, கீழ கெடந்தது மேல வந்துச்சு. வசந்தாமணி சித்த நேரம் கண்ணெடுக்காம பாத்தா. பொறவுதான் தெரிஞ்சுது, நகர்றது அரிசியில்ல, அரிசிக்கு நடுவால இருக்கற வண்டு. ஒவ்வொண்ணும் எள்ளு அளவு. எத்தனைன்னு எண்ண முடியாது. ஈரத்துணிய மூணு நாளு மூட்ட கட்டி வெச்சு அவுத்தா ஒரு வாசம் வருமே, அந்த வாசம் வேற.

"இதையா அத்தெ ஊரே ஒலையில போட்டுச்சு?"

"களைஞ்சுதான் போட்டிருப்பாங்க. வண்டு மெதக்கும், மெதந்தத ஊத்திட்டு மிச்சத்த ஆக்கியிருப்பாங்க. வேற என்ன பண்ணுவாங்க, ரேசன்ல இது ஒண்ணுதான் கெடைக்குது."

"அரிசிக்குள்ள பூந்துக்கிட்டது மெதக்காதே."

"மெதக்காது. அது சோறோட சோறா வெந்துரும்."

வசந்தாமணி தாவணிய இழுத்து வாயப் பொத்திக்கிட்டா. பதினேழு வயசுப் புள்ள. விடியக்காலத்துல அழுதுக்கிட்டே பஸ் ஏறி, டிப்போ அரிசி ஒரு சின்ன மூட்டையும் அது வந்த காலிச்சாக்கும் இடுக்கிக்கிட்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து எறங்குனவ. பயம் வந்தா அவளுக்கு வாய் நீளும். இன்னிக்கு ரொம்ப நீண்டுருந்துச்சு.

விசயம் இதுதானுங்க. யுத்த காலம். நெல்லும் அரிசியும் சர்க்கார் கையில. ஆட்டையாம்பட்டிக்கு ரெண்டு மைல் தள்ளி கருக்கம்பாளையத்துல ஒரு அரிசி டிப்போ. அதுக்குப் பொறுப்பு வசந்தாமணியோட அய்யன் ராசப்பன். போன வாரம் செவ்வாக்கிழம சேலத்துல இருந்து நாப்பது மூட்ட புது அரிசி நாலு மாட்டுவண்டியில கெளம்புச்சு. டிப்போவுல பிரிச்சா அத்தனையும் புழுத்த அரிசி. அதத்தான் அளந்து குடுத்தாங்க. பன்னெண்டு ஊட்டுக் கொழந்தைகளுக்கு வயித்தால போயி, கண்ணு உள்ள போயி கெடக்குதுக. நல்ல அரிசிய ராசப்பன்தான் மாத்திட்டான்னு ஊரு சொல்லுது. தாசில்தார் ஆட்டையாம்பட்டி சாவடியில வந்து உக்காந்துட்டாரு. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுல ராசப்பனுக்கு வெலங்கு போட்டு சேலம் செயிலுக்கு அனுப்பறதுன்னு முடிவு.

அதுக்குள்ள ஏதாச்சும் கண்டுபுடிக்கோணும். கண்டுபுடிக்கற ஆளு ராசப்பனோட தங்கச்சி பொன்னாத்தா.

பொன்னாத்தா பேட்டை அரிசி மண்டியில சலிக்கற வேல பாக்கறவ. ஆனா ரெண்டு யாவாரிக்குள்ள சண்ட வந்து, இது உன்ற சரக்கு, இது என்ற சரக்குன்னு கட்டிப்பொரண்டா, மண்டிக்காரங்க கூப்படறது அவளத்தான். ஒரு கை அள்ளி மோந்து பாத்து, எந்தக் காட்டு நெல்லு, எத்தன மாசம் கெடந்துச்சு, யாரு குடோன்ல நனைஞ்சுதுன்னு சொல்லிப்போடுவா. கடியாரம் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல சொருகற கண்ணாடி ஒண்ணு வெச்சிருக்கா. அத மாட்டிக்கிட்டான்னா எதுத்தாப்புல நிக்கறவங்க பொய் சொல்ல யோசிப்பாங்க.

இப்ப அதத்தான் மாட்டிக்கிட்டு, ஒரு வண்ட உள்ளங்கையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. வண்டு காலெல்லாம் மடக்கிக்கிட்டு செத்தாப்புல கெடந்துச்சு.

"செத்துப்போச்சு அத்தெ."

"நடிக்குது. தொட்டா இப்பிடித்தான் கெடக்கும்."

"எங்க டிப்போ வாச்சுமேனாட்டம்."

"வெளிச்சத்துல வந்து பாரு அம்மிணி. உன்ற கண்ணு நல்ல கண்ணு. மூக்கு இருக்குதா?"

"வண்டுக்கு எதுக்குங்க மூக்கு, மூக்குத்தி குத்தப் போறீங்களா?"

"யானைத் தும்பிக்கையாட்டம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். இருந்தா கூன்வண்டு. இல்லாட்டி மாவு வண்டு, பயத்தவண்டு, வேற ஏதாச்சும் கழுத."

வசந்தாமணி மூச்சப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சா. "இருக்குதுங்க. மொகத்தவிட மூக்கு பெருசு."

"முதுகுல?"

"நாலு பொட்டு. செம்மண்ணு நெறத்துல. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"நாலுபொட்டுக்காரன்." பொன்னாத்தா வண்ட ஊதி விட்டா. "அரிசி எங்க கெடந்தாலும் வருவான். சர்க்கார் அரிசி, சம்சாரி அரிசின்னு அவனுக்கு வித்தியாசம் கெடையாது. இவனால உங்கய்யனுக்கு ஒரு ஒதவியும் இல்ல. அந்தச் சாக்க எடு."

சாக்கக் குடலு மாதிரி உள்பக்கம் வெளிய திருப்புனாங்க. பூசனமும் தூளுமா ஒரு கை கொட்டுச்சு. வண்டு கடிச்சுக் கடிச்சுப் போட்ட தூளு, அதுக போட்ட எச்சம், அரிசி மாவு, எல்லாம் ஒண்ணாக் கலந்து வெரல்ல ஒட்டுச்சு. வசந்தாமணி அந்தக் கைய ஒடம்புல இருந்து தள்ளி நீட்டிப் புடிச்சுக்கிட்டா, வேற யாரோட கையோங்கற மாதிரி.

பொன்னாத்தா தையலு மடிப்புக்குள்ள ஊசிய விட்டு நோண்டுனா. ஒண்ணு விழுந்துச்சு. இன்னொண்ணு. மொத்தம் ஏழு வண்டு. ஏழும் நெசமாவே செத்தது.

"இத பாரு."

"அதே மூக்குதானுங்க."

"முதுகப் பாரு."

வசந்தாமணி பாத்தா. திருப்பிப் பாத்தா. எச்சியத் தொட்டுத் தொடச்சும் பாத்தா. "பொட்டு இல்லீங்க. அழிஞ்சிருக்கும். புருசன் செத்திருப்பான்."

சொன்ன பொறவுதான் நாக்கக் கடிச்சுக்கிட்டா. அத்தையோட நெத்தியும் வெறும் நெத்திதான்.

பொன்னாத்தா சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டு முறத்துல விழுந்துச்சு. "எனக்கு அழிஞ்சு பன்னெண்டு வருசம் ஆச்சு கண்ணு. ஒடம்பு எளைச்சுதா? இது எப்பிடி எளைச்சுக் கெடக்குது பாரு."

அப்பத்தான் அவளுக்குப் பட்டுச்சு. நாலுபொட்டுக்காரன் குண்டு. இது தட்டையா, நீட்டமா, ஒடம்பே ஒரு குச்சியாட்டம். நெறமும் கருஞ்செவப்பு. பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரே சாதிக்காரங்க, ஆனா வேற வேற ஊடு.

"நாலுபொட்டுக்காரன் விருந்து திங்கற மூட்டையில, இதுக மட்டும் ஏன் தையலுக்குள்ள பூந்து பட்டினி கெடந்து செத்துதுக?"

"அரிசி எறங்கலீங்களா?"

"எறங்கல. அரிசி இதுக்குச் சோறே இல்ல. பொறக்கறது, திங்கறது, பெருகறது எல்லாம் புளியங்கொட்டைக்குள்ளதான்." பொன்னாத்தா எந்திரிச்சு சீலையத் தட்டுனா. "உங்க டிப்போவுல புளி இருந்துச்சா?"

"ஒரு நாளும் இல்லீங்க."

"அப்ப இந்தச் சாக்கு புளியங்கொட்டை இருக்கற எடத்துல கெடந்திருக்குது. எந்தப் பக்கமா வண்டி வந்துச்சு?"

"ராத்திரி ஆட்டையாம்பட்டியில மாட்ட அவுத்துட்டு, விடியக்காலம் எங்க டிப்போவுக்கு வந்தாங்க."

"மாட்ட மட்டுமா அவுத்தாங்க," அப்பிடின்னா பொன்னாத்தா.

*

பேட்டையிலயே பெரிய புளி மண்டி சின்னண்ணனோடது. உள்ள ரெண்டு ஆளுக வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு புளிய மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. கணுக்கால் வரைக்கும் கருப்பா ஒழுவுச்சு. ஈ மொய்ச்சுது. ஒருத்தன் மிதிக்கறத நிறுத்தி காலச் சொறிஞ்சுக்கிட்டு மறுபடியும் மிதிச்சான்.

"இனிமே நான் ரசம் குடிக்க மாட்டேன்," வசந்தாமணி மெல்லமாச் சொன்னா.

சின்னண்ணனுக்குக் காது கூர்மை. "காலுபடாத புளி சேலம் சில்லாவுலயே கெடையாது அம்மிணி. அதுலதான் ருசி. என்னுங்க பொன்னாத்தா, இந்தப் பக்கம்?"

"ஒரே ஒரு கொட்டை காட்டுங்க."

"கொட்டையா? இது கொட்ட எடுத்த புளி. பூராத்தையும் பெரட்டுனாலும் ஒரு கொட்டை கெடைக்காது."

பொன்னாத்தா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு உருண்டையப் பிச்சுப் பாத்தா. பொழுது வீணாப் போச்சேன்னு வசந்தாமணி வாசல்ல வெயிலப் பாத்தா. கொட்டையில்லாத எடத்துல அந்த ஒல்லி வண்டுக்கு வேலையில்ல. பேட்டையில இப்பிடி முப்பது மண்டி.

"எடுத்த கொட்டையெல்லாம் என்ன பண்றீங்க?"

"முன்னெல்லாம் மாட்டுக்குப் போடுவோம், அடுப்புல போடுவோம். இப்ப நெசவுக்கு அரிசிக்கஞ்சி போடக் கூடாதுன்னு ஆயிப்போச்சே. திங்கறதுக்கே இல்ல, பாவு நூலுக்கு எங்க போறது? கொட்டைய வறுத்துப் பொடிச்சுக் காச்சுனா நல்ல பசை. இளம்பிள்ளை, ஆட்டையாம்பட்டி தறியெல்லாம் இப்ப அதுலதான் ஓடுது. இந்தப் பேட்டைக் கொட்டை மொத்தமும் ஒரே ஷெட்டுக்குத்தான் போகுது."

"எந்த ஷெட்டுங்க?"

சின்னண்ணன் சிரிச்சாரு. "என்னைய ஆழம் பாக்கறீங்களா? ஆட்டையாம்பட்டி மருதாசலம் ஷெட்டுதான். உங்கூட்டு மாப்ள."

தறிக்குப் பொடி அரைக்கற ஷெட்டுன்னுதான் வசந்தாமணிக்குத் தெரியும், புளியங்கொட்டையில அரைக்கறதுன்னு தெரியாது. அவ வாயி மூடுனது அன்னிக்கு அதுதான் மொதத் தடவ.

*

கரி பஸ் முக்கிக்கிட்டே போச்சு. பின்னால இருக்கற அடுப்புல கிளீனர் கரியக் கொட்டுனா பொகை உள்ள வரும், கொட்டாட்டி பஸ் நின்னுரும். வசந்தாமணி சன்னலோரம் ஒடுங்கி உக்காந்துருந்தா.

ஆனி மாசம்தான் அவளுக்கும் மருதாசலத்துக்கும் உப்புச்சக்கரை மாத்தி உறுதி பண்ணுனது. தையில கல்யாணம். அய்யனப் புடிச்சுக்கிட்டுப் போன அன்னிக்கு மொத ஆளா ஊட்டுக்கு வந்தது மருதாசலந்தான். அம்மா பக்கத்துல உக்காந்து, நல்ல வக்கீலா வெக்கறேன் அத்தெ, நீங்க வெசனப்படாதீங்கன்னு சொன்னாப்டி. அந்த மனுசன் வெளையாட்டுக்குக்கூட பொய் சொல்ல மாட்டாப்டின்னு அவ நெனச்சுக்கிட்டு இருந்தா.

"உனக்குக் கஷ்டமா இருந்தா ஊட்டுக்குப் போயிரு அம்மிணி. நான் பாத்துக்கறேன்," அப்பிடின்னா பொன்னாத்தா.

"வண்டு தப்பா இருக்கலாமில்லீங்களா?"

"வண்டு தப்பா இருக்காது. நாம தப்பாப் பாத்திருக்கலாம்."

"மாமாவுக்கு என்னங்க கொறை? ஷெட்டு நல்லா ஓடுது. எதுக்கு அரிசி திருடோணும்?"

"அத அவரத்தான் கேக்கோணும். நாம கேக்கப் போறதில்ல. மாப்ள ஊட்டப் பாக்க வந்த ஒறம்பரையாத்தான் போறோம். நீ வெக்கப்படு."

"பயமா இருக்கறப்ப எப்பிடிங்க வெக்கப்படறது?"

"ரெண்டுக்கும் தலையக் குனிஞ்சாப் போதும்."

*

ஷெட்டுக்குள்ள போனதும் தொண்ட கரகரன்னுச்சு. பத்துப் பன்னெண்டு பொம்பளைக மண்ணுச்சட்டியில மணலோட கொட்டைய வறுத்துக்கிட்டும், ஒரல்ல குத்திக்கிட்டும் இருந்தாங்க. கருகுன நாத்தம், புளிச்ச நாத்தம், வேர்வை நாத்தம். வாசலோரமா சொவத்துல சாச்சு புளியங்கொட்டைய மல மாதிரி குமிச்சிருந்தாங்க. ஒவ்வொரு கொட்டையிலயும் குண்டூசி குத்துன மாதிரி ஓட்டை. அந்தக் குமி மேல வெயில் விழுந்த எடமெல்லாம் மினுமினுன்னு ஊறுச்சு.

மருதாசலம் வெள்ள வேட்டியில வந்தாப்டி. "வாங்க சின்னம்மா. சொல்லி அனுப்பியிருந்தா வண்டி கட்டியிருப்பனே. அம்மிணி, வா."

வசந்தாமணி தலையக் குனிஞ்சா.

பொன்னாத்தா சுத்திவளச்சு ஊரு சேதி, வெய்யிலு, வக்கீல் எல்லாம் பேசிட்டு, மடியில இருந்து ஒரு காகிதப் பொட்டணத்தப் பிரிச்சா. செத்த ஏழு வண்டு. "மாப்ள, இது டிப்போ மூட்டத் தையல்ல இருந்துச்சு. இது உங்க ஷெட்டு வண்டுதானுங்களே?"

மருதாசலம் குனிஞ்சு வண்டப் பாத்தாப்டி. பொறவு சத்தமாவே சிரிச்சாப்டி.

"இதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? எங்க வண்டுதான் சின்னம்மா. இருக்காதா பின்ன? டிப்போ காலிச்சாக்கெல்லாம் மாமன் எனக்குத்தான குடுத்துக்கிட்டு இருந்தாரு. பொடி கட்ட ஆவும்னு ஆடி மாசத்துல இருந்து குடுக்கறாரு. மிச்சத்தத் திருப்பி அனுப்பிருவேன். அதுல நாலு வண்டு ஏறிப் போயிருக்கும். ஏன், அம்மிணிக்குத் தெரியுமே."

பொன்னாத்தா திரும்பி அவளப் பாத்தா.

வசந்தாமணி குனிஞ்ச தலைய நிமித்தல. தெரியும். அவளேதான் சாக்க மடிச்சுக் கட்டிக் குடுத்திருக்கறா. மாப்ள ஊட்டுக்காரரு வாய்விட்டுக் கேட்டா இல்லீன்னு சொல்ல முடியுமான்னு அய்யன் சொன்னாரு. அதுல என்ன தப்புன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தோணவே இல்ல. அதான் அத்தைகிட்டச் சொல்லல.

"ஆமாங்க அத்தெ."

"சர்க்கார் முத்திரை போட்ட சாக்கு," மருதாசலம் குரலத் தாழ்த்திச் சொன்னாப்டி. "அத வெளிய குடுத்ததே கேசு. இந்த வண்டக் கொண்டுபோயி தாசில்தார் முன்னால வெச்சீங்கன்னா மாமனுக்கு ஒண்ணுக்கு ரெண்டாப் போயிரும். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பொன்னாத்தா பொட்டணத்த மடிச்சா. மடிச்சதையே திருப்பி மடிச்சா. மணி ரெண்டரை ஆயிருக்கும்.

"செரி மாப்ள. நாங்க பொம்பளைக, எங்களுக்கென்ன தெரியும்." பொன்னாத்தா முறுவலிச்சா. "வந்தது வந்தோம், ஒரு படி கொட்டை குடுங்க, சீலைக்குக் கஞ்சி போட. நீங்களும் அரிசிக்கஞ்சியே போடறதில்லயாமே?"

"அரிசியா? கண்ட்ரோல் வந்த நாள்ல இருந்து இந்த ஷெட்டு வாசப்படிய ஒரு மணி அரிசி தாண்டுனதில்ல. வேலக்காரங்க சோறு கொண்டாந்தாக்கூட வெளிய உக்காந்துதான் திங்கோணும்."

"அம்மிணி, ஒரு படி அள்ளு."

வசந்தாமணி குமிகிட்டப் போயி குத்தவெச்சா. படியத் தோண்டுனதும் நாலஞ்சு வண்டு அவ மணிக்கட்டுல ஏறுச்சு. தட்டி விடப் போனவ அப்பிடியே நின்னா. காலையில இருந்து மூக்கப் பாரு, முதுகப் பாருன்னு பாத்துப் பாத்து கண்ணுக்கு அதே பழக்கமாப் போச்சு. வெயிலுக்கு நேரா கையத் திருப்புனா.

ஒல்லி. பொட்டில்ல. அதுக்குப் பின்னால ஒல்லி. பொட்டில்ல. மூணாவது குண்டா இருந்துச்சு.

மேல ரெண்டு, கீழ ரெண்டு.

நாலாவதும் குண்டு. அஞ்சாவதும். உசிரோட, கொழுகொழுன்னு, மொழங்கையப் பாத்து ஏறிக்கிட்டு இருந்துச்சுக. ஒரு மணி அரிசி வராத எடத்துல இதுக எதத் தின்னு கொழுத்துதுக? சாக்குல ஒட்டி வந்திருந்தா, அந்த ஒல்லிக தையல்ல செத்த மாதிரி இதுகளும் இங்க பட்டினியாச் செத்திருக்கோணும்.

எங்கிருந்து வருதுன்னு பாத்தா. குமியோட அடியில, சொவத்து மூலையில ஒரு சந்து. அங்கிருந்து எறும்பு வரிசையாட்டம் வந்துச்சுக.

அவ படியக் கீழ வெச்சா. கண்ண மூடிக்கிட்டா. வலது கையக் குமிக்குள்ள விட்டா.

உள்ள சூடா இருந்துச்சுங்க. அதுதான் அவளுக்கு ரொம்ப அருவருப்பு. ஏதோ பெரிய மிருகத்தோட வயித்துக்குள்ள கைய விட்ட மாதிரி ஒரு சூடு. மொழங்கை வரைக்கும் போச்சு. வெரலுக்கு நடுவால ஊறுச்சு, வளையலுக்குள்ள ஊறுச்சு, கக்கத்தப் பாத்து ஊறுச்சு. எலிப் புழுக்கை மெத்துன்னு நசுங்குச்சு. கொமட்டிக்கிட்டு வந்ததக் கடிச்சு உள்ள தள்ளுனா. தோள் வரைக்கும் விட்டா. நகத்துல சணல் பட்டுச்சு. சாக்கு. கெட்டியா, நெறைஞ்ச சாக்கு. எலி கடிச்ச ஓட்டையில வெரலு பூந்துச்சு.

உள்ள இருந்தது கொட்டை இல்ல.

"அம்மிணி."

மருதாசலம் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்துருந்தான். பொன்னாத்தா அக்கட்ட திருகைகிட்ட நின்னு யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்தா.

"கைய வெளிய எடு கண்ணு. ஒண்ணும் இல்லீன்னு அத்தெகிட்டச் சொல்லு. ரெண்டே மாசம். வக்கீலு வெச்சு மாமன நானே வெளிய கொண்டாந்துருவேன். தையில நம்ம கல்யாணம். இல்லாட்டி என்னாவும்னு யோசி. அய்யனும் பேரு கெட்டு, மாப்ளையும் இல்லாம நிக்கற புள்ளைய எவன் கட்டுவான்?"

மொகத்துல அதே சிரிப்பு. அம்மா பக்கத்துல உக்காந்து சிரிச்ச அதே சிரிப்பு. அவன் கை மெல்ல அவ தோள் மேல விழுந்துச்சு.

கையில ஊறுனத விட தோள்ல கெடந்ததுதான் அவளுக்குத் தாங்கல.

வசந்தாமணி கையப் பிடுங்குன வேகத்துல கொட்டை சலசலன்னு சரிஞ்சுது. மூடுன கையோட எந்திரிச்சா. அத்தைகிட்டப் போகல. சட்டியில கொட்டைய வறுத்துக்கிட்டு இருந்த பொம்பளைககிட்டப் போனா. மொதல்ல உக்காந்துருந்தது மாரக்கா. அந்தக்காவோட கடைசிப் பொண்ணு, வயித்தால போயிக் கெடக்கற பன்னெண்டுல ஒண்ணு. கருக்கம்பாளையத்துல எல்லாருக்கும் தெரியும்.

அவ மொகத்துக்கு நேரா வசந்தாமணி கைய விரிச்சா.

வெள்ளவெளேர்னு ஒரு புடி அரிசி. நாலு வண்டும் ஓடுச்சு.

"அந்தக் கொட்டைக்கு அடியில இருக்குதுங்க்கா. மூட்ட மூட்டையா."

மாரக்கா சட்டிய எறக்கி வெச்சா. ரெண்டு அரிசிய எடுத்துப் பல்லுல கடிச்சா. மென்னா. முழுங்குனா. பொறவு எந்திரிச்சுப் போயி கொட்டைக் குமி மேல உக்காந்தா. ஒரல்ல குத்திக்கிட்டு இருந்தவ ஒலக்கையோட போயி பக்கத்துல உக்காந்தா. ஒவ்வொருத்தியாப் போனாங்க. குமியச் சுத்தி பத்துப் பன்னெண்டு பொம்பளைக.

"எந்திரிங்க. வேலையப் பாருங்க," அப்பிடின்னான் மருதாசலம்.

"செவ்வாக்கிழம சாயங்காலம் பொழுதோட எங்கள ஊட்டுக்கு அனுப்புனீங்களே," மாரக்கா கேட்டா, "என்னைக்குமில்லாம. நான் மறந்து வெச்ச சோத்துத் தூக்குப்போசிய எடுக்க வந்தப்ப வாசல்ல நாலு வண்டி நின்னுச்சு. கொட்டை எறங்குதாக்கும்னு போயிட்டேன்." அந்தக்கா குரல் ஏறவே இல்ல. "அரிசி மேல உக்கார வெச்சு என்னையக் கொட்ட வறுக்க வெச்சிருக்கறீங்க. அங்க என்ற புள்ளைக்கு வண்டு ஆக்கிப் போட்டுட்டு வந்து."

பொன்னாத்தா அதுக்குள்ள ரெண்டு பொண்ணுகள சாவடிக்கு ஓட்டி விட்டுட்டா.

*

தாசில்தாரும் குமாஸ்தாவும் வந்தப்ப மூணே முக்கால். கொட்டைய வாரித் தள்ளுனாங்க. முப்பத்தேழு மூட்டை இருந்துச்சு. மூணு எங்கயோ வித்துப்போச்சு.

மருதாசலம் வேர்த்து நின்னான். "ராசப்பன் கொண்டாந்து வெச்சதுங்க. மாமனாச்சேன்னு எடம் குடுத்தேன். நான் அறியாதவனுங்க."

"ராசப்பனாரு இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க," மாரக்கா குமிய விட்டு எறங்காமச் சொன்னா. "வந்தது வண்டி. வரச் சொன்னது இவரு."

தாசில்தார் வசந்தாமணியப் பாத்தாரு. "அந்தப் புழுத்த அரிசி சர்க்கார் சாக்குல வந்திருக்கே. சாக்கு இவன் கைக்கு எப்படி வந்தது?"

பொன்னாத்தா அவ கையத் தொட்டா. சொல்லாதேன்னு தொட்டாளா, சொல்லுன்னு தொட்டாளான்னு தெரியல. அந்தக் கை இன்னும் ஊறுற மாதிரியே இருந்துச்சு.

"எங்கய்யன் குடுத்ததுங்க. காலிச்சாக்கு. நாந்தான் மடிச்சுக் கட்டுனேன். தப்புன்னு தெரிலீங்க. இப்பத் தெரியுதுங்க."

"உங்கய்யனுக்கு வேலை போகும்," அப்பிடின்னாரு தாசில்தார். பொறவு ஒரு போலீஸ்காரரக் கூப்புட்டு, பஸ்ஸ நிறுத்தி ராசப்பனுக்கு வெலங்க அவுக்கச் சொன்னாரு. "அவுத்த வெலங்கோட இங்கயே வந்துரு," அப்பிடின்னும் சொன்னாரு.

வசந்தாமணிக்கு அழுகை வருமோன்னு இருந்துச்சு, வரல. குமாஸ்தா ஒரல் மேல காகிதத்த வெச்சுக்கிட்டு வாக்குமூலம் எழுத உக்காந்தாரு. பேரு, வயசு, ஊரு எல்லாம் எழுதுனாரு. பேனாவ மைக்கூட்டுல தொட்டு எடுத்தாரு.

"ராசப்பனுக்கு நீ என்ன ஒறவு?"

"மகளுங்க."

"மருதாசலத்துக்கு?"

மருதாசலம் தலையத் தூக்கிப் பாத்தான். பொம்பளைக எல்லாம் அவளையே பாத்தாங்க.

"ஒண்ணுமில்லீங்க," அப்பிடின்னா வசந்தாமணி. "அப்பிடியே எழுதிக்குங்க."